ரெண்டு தபா கூப்பிட்டேன்

எனக்குப் பேய் பயம் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு துணி கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கேன். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் கத்திக் கத்தி வேலை வாங்கணும். "உன்னைப் பார்த்தா பேய்தான் ஒதுங்கிப் போவும்"னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. அதனால பூந்தமல்லி சத்திரத்தைப் பத்தி யாராவது "அங்க ஏதோ கீதாமே"ன்னு இழுத்தா எனக்குச் சிரிப்புதான் வரும். இப்ப வர்றதில்லை.

அப்பாவைப் பூந்தமல்லியில ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். நுரையீரல்ல நீர் கோத்துகிச்சு, இதயமும் சரியா வேலை செய்யலை. "பார்க்கலாம்மா"ன்னு டாக்டர் சொன்ன விதத்துலயே எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. ராத்திரியில நோயாளி கூட ஒருத்தர்தான் இருக்கலாம்னு அங்க ஒரு சட்டம். வராண்டாவுல உட்கார்ந்தாலும் செக்யூரிட்டி வந்து எழுப்பி விட்டுடுவான். நானும் அண்ணனும் முறை வெச்சுகிட்டோம். ஒருத்தர் அப்பா கூட, இன்னொருத்தர் எதிர்ச் சந்துல இருந்த அந்தச் சத்திரத்துல.

அண்ணனைப் பத்தி இங்கயே சொல்லிடுறேன். கல்யாணம் ஆனதும் பட்டாபிராம்ல பொண்டாட்டி வீட்டோட போயிட்டான். மாமனாருக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை, காலும் சரியில்லை, பார்த்துக்க ஆள் வேணும். இதுல என்ன குத்தம் இருக்கு? அப்பாவுக்குத் தாங்கலை. 'வூட்டோட மாப்ளே'ன்னு நாலு பேர் கேலி பண்ணிட்டாங்களாம். அன்னைக்கே அண்ணன்கிட்ட பேச்சை நிறுத்தினவருதான். வருஷக்கணக்கா ஒரு வார்த்தை கிடையாது. அம்மா போனப்புறம் அவரு இருந்தது எங்க வீட்டுல. மக வீட்டுல அப்பன் இருக்கலாமாம், மாமனார் வீட்டுல மகன் இருக்கக் கூடாதாம். இந்த நியாயத்தை நான் ஒருநாள் கேட்டுட்டேன். ரெண்டு நாள் என்கிட்டயும் பேசலை.

அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டியோட வந்து நிப்பான், அப்பா டி.வி.யைப் பார்த்துகினு இருப்பாரு. ஞாயித்துக்கிழமை ஆனா போன் வரும். குரல் கேட்டதுமே அப்பா போனை என் கையில குடுத்துடுவாரு. "ஸ்பீக்கர்ல போட்டு அவர் பக்கத்துலயே வையேன்"னு சொல்லுவான். வெப்பேன். என்ன சமைச்சாங்க, பொண்ணு என்ன மார்க் வாங்கினா, பட்டாபிராம் ஸ்டேஷன்ல இன்னைக்கு எவ்ளோ கூட்டம், எல்லாம் சொல்லிகினே இருப்பான். இவரு ஒரு 'ம்' கூடக் கொட்ட மாட்டாரு. பிடிவாதத்துக்குன்னே பொறந்த மனுஷன். ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு மாத்திரை வாங்கப் போற வழியில அண்ணன் என்கிட்ட சொன்னான். "திட்டினாக் கூடப் பரவால்ல. ஒரு தபா 'டேய்'னு கூப்ட்டாப் போதும்." "சும்மா வாடா"ன்னு அதட்டி அவனைக் கூட்டிகினு போனேன். அண்ணனை 'டா' போடுறது எங்க வீட்டுல சகஜம்.

மொதல் நாள் ராத்திரி சத்திரம் என் முறை. காஞ்சிபுரம் பக்கம் மாட்டு வண்டியில போறவங்க தங்குறதுக்கு அந்தக் காலத்துல யாரோ ஒரு வியாபாரி கட்டினதாம். இப்ப சந்து முனையில மெட்ரோ தூண் வந்து நின்னு அதோட முகத்தை மறைச்சுடுச்சு. தடிச்ச சுவர், மேல மரக்கட்டை வரிசை, நடுவுல நீளமா ஒரு நடை, ரெண்டு பக்கமும் ரூம். கதவுக்கு வெளிய ஒரு பூட்டு, உள்பக்கம் ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். ரூம்ல பிளக் பாயின்ட் எதுவும் வேலை செய்யாது. தங்குறவங்க போனெல்லாம் முன்னாடி மேஜை மேல ஒரு பெட்டியில சார்ஜ் ஏறிகினு கிடக்கும். தங்குறதும் பெரும்பாலும் எங்களை மாதிரி ஆஸ்பத்திரிக் கேஸுங்கதான்.

சாவி குடுத்த பெரியவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "தங்கச்சி, ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. ராவுல யார்னா கூப்ட்டா ஒடனே தொறக்காத. மூணு தபா கூப்ட்டா மனுசன். ரெண்டோட நின்னுட்சுன்னா அது. உங்க ஊட்டாளுங்க கொரல்லயே கூப்டும்."

"எதுங்க?"

வண்டியில வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி கதையைச் சொன்னாரு. புருஷனுக்கு வாந்திபேதி. பொண்டாட்டி ராத்திரி முழுக்க ஒவ்வொரு கதவா தட்டி ஆளைக் கூப்பிட்டாளாம். நோய் ஒட்டிக்கும்னு ஒருத்தனும் தொறக்கலை. விடியறதுக்குள்ள அவன் போயிட்டான், அவ கொல்லைக் கிணத்துல விழுந்துட்டா. இன்னமும் கூப்பிட்டுகினு இருக்காளாம்.

"அவ எங்கங்க பேய்? கதவைத் தொறக்காதவனுங்கதான் பேய்"னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு ரூமுக்குப் போயிட்டேன்.

வாய் பேசினது என்னவோ உண்மை. படுத்தப்புறம் தூக்கம் வரலை. கொசு பிடுங்குது. ட்ரங்க் ரோட்டுல லாரி போறப்பல்லாம் மேல கட்டை இடுக்குல இருந்து சுண்ணாம்புத் தூள் உதிருது. அப்பாவுக்கு இந்த நேரம் எப்படி இருக்கோன்னு நினைச்சுகினே கிடந்தேன். அப்பதான் வெளிய ஒரு குரல். "அக்கா."

நான் எழுந்து உட்கார்ந்தேன். 'யாரு'ன்னு கேக்க வேண்டியதுதானே? வரலை. மறுபடியும் "அக்கா." ரெண்டு. நான் மூச்சைப் பிடிச்சுகினு காத்திருந்தேன். "அக்கா, கொசுவத்தி இருந்தா குடுங்களேன்." பக்கத்து ரூம் பொண்ணு. அவ புருஷனும் எங்க ஆஸ்பத்திரியிலதான். அரைத் துண்டு ஒடிச்சுக் குடுத்தேன். எனக்கு என் மேலயே கடுப்பு, பேய் கணக்கு போட்டுகினு உட்கார்ந்திருந்தேனேன்னு.

காலையில டீக்கடையில இதை அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவன் சிரிக்கலை. சின்ன வயசுலயே அவன் அப்படித்தான். ராத்திரி கொல்லைக்குப் போகணும்னா தங்கச்சி நான் துணைக்கு நிக்கணும்.

"எத்தினி தபா கூப்ட்டா அவ?"

"மூணு."

"அப்ப சரி."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய் குளி"ன்னு துரத்திவிட்டேன்.

அடுத்த ராத்திரி நான் அப்பா கூட. அண்ணன் சத்திரத்துல. பகலெல்லாம் அப்பா மயக்கமாத்தான் இருந்தாரு. நடு ராத்திரியில திடீர்னு கண்ணைத் தொறந்து, மூக்குல இருந்த மாஸ்க்கைத் தானே கீழ இழுத்தாரு. முகம் தெளிஞ்சிருந்துச்சு. என்னைப் பார்த்தாரு. அப்புறம் எனக்குப் பின்னாடி யாரையோ தேடினாரு.

"பெரியவன் எங்க?"

அண்ணனை அவரு அப்படிக் கூப்பிட்டு எத்தினி வருஷம்! எனக்குக் காது சரியா கேட்டுச்சான்னே சந்தேகம். "என்னப்பா?"

"பெரியவன. கூப்டு அவன."

அண்ணனுக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். திரும்பவும் போட்டேன், அதேதான். நர்ஸ் பொண்ணு, "நான் பார்த்துக்கிறேன்க்கா, நீங்க ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துடுங்க"ன்னா. செருப்பு போடக்கூட தோணலை, ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

சந்து முழுக்க கரண்ட் இல்லை. சத்திரத்து முன்கதவு தொறந்தே கிடந்துச்சு, பெரியவரைக் காணோம். சுவரைத் தடவிகினு நடையில போனேன். அண்ணன் ரூம் கதவைத் தட்டினேன். "அண்ணா." சத்தம் இல்லை. இன்னும் பலமா தட்டினேன். "அண்ணா." உள்ள ஒரு அசைவு கூடக் கேக்கலை.

எனக்கு எங்க இருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. போனும் ஆஃப், ஆளும் இல்லை. பயந்தாங்கொள்ளி, கரண்ட் போனதும் கடைசி வண்டியைப் பிடிச்சு பட்டாபிராமுக்கு ஓடியிருப்பான்னு முடிவே பண்ணிட்டேன். எல்லாத்துக்கும் அவசரப்படுறதுதான் என் புத்தி. அங்க அப்பா தனியா வேற இருக்காரு. வந்த வேகத்துல திரும்பிட்டேன்.

அப்பா கதவையே பார்த்துகினு இருந்தாரு. நான் மட்டும் உள்ள வர்றதைப் பார்த்தும் கண்ணை எடுக்கலை. "வரான்ப்பா, வந்துகினே இருக்கான்"னு சொன்னேன். தலையை ஆட்டினாரு. கொஞ்ச நேரத்துல மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது, டாக்டர் வந்தாரு, என்னை வெளிய நிக்க வெச்சாங்க. விடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு.

வெளுக்க ஆரம்பிச்சதும் அண்ணன் படியேறி வந்தான், கையில பிளாஸ்க். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிஞ்சுடுச்சு. பிளாஸ்க்கைத் தரையில வெச்சான்.

"எங்கடா போயிட்ட?"ன்னு கத்தினேன்.

"எங்கியும் போவல. ரூம்லதான் இருந்தேன்."

"நான் வந்து தட்டினேன். கூப்ட்டேன்."

அவன் முகத்துல ரத்தமே இல்லை. "நீயா அது?"

"என் குரல் கூடவா தெரியலை உனக்கு?"

"தெரிஞ்சுது"ன்னான். "நல்லாத் தெரிஞ்சுது. அதான் தொறக்கல." சத்தம் காட்டாம எழுந்து கதவுகிட்ட வந்தானாம், மூணாவது தபாவுக்காக. வந்தா ஒடனே தொறக்கணும்னு கதவுக் கட்டை மேல கையைக் கூட வெச்சுகினு நின்னானாம். காலடிச் சத்தம் தூரமா போனதும், அதுதான் வந்துட்டுப் போவுதுன்னு கண்ணை மூடிகினானாம். போனை முன்னாடி சார்ஜ்ல போட்டிருக்கான். அது ஏறுறதுக்கு முன்னாடியே கரண்ட் போயிருக்கு.

நான் ஈவு இரக்கம் பார்க்கலை. கல்லைத் தூக்கிப் போடுற மாதிரி சொன்னேன். "உன்னத்தான் கேட்டாரு. பெரியவன் எங்க, கூப்டு அவனன்னாரு. தெளிவா சொன்னாரு."

"பெரியவன்னாரா?"

"ஆமா."

அங்கயே தரையில உட்கார்ந்துட்டான். ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திகினான். போறவங்க வர்றவங்கல்லாம் அவனைச் சுத்திகினு போனாங்க. நான் அவனை எழுப்பலை. எழுப்பியிருக்கணும். இன்னொரு குரல் குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பேன்னு அப்ப இருந்து மனசு அறுத்துகினு இருந்துச்சு. அந்த எரிச்சலையும் அவன் மேலதான் காட்டினேன்.

அம்பத்தூருக்கு வண்டியில வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கலை. வீட்டுல ஐஸ் பெட்டி வந்துச்சு, சாமியானா போட்டாங்க, மாலை வந்துச்சு. சொந்தக்காரங்க வந்து அழுதாங்க. சிலர் அழுதுகினே அண்ணனை ஒரு மாதிரி பார்த்தாங்க. ஒரு அத்தை வாயை விட்டே கேட்டுட்டாங்க, "கடைசியிலயாவது பேசினாராடா உன்கிட்ட?"ன்னு. அவன் இல்லைன்னு தலையை ஆட்டினான். எனக்கு அந்த அத்தையை அறையணும்னு இருந்துச்சு. உள்ள போயிட்டேன்.

மத்தியானம் கூட்டம் கலைஞ்சுது. எடுக்குறது மறுநாள்தான். பெரியப்பா மகன் வெளியூர்ல இருந்து வரணும். வந்தவங்க சாப்பிடப் போயிட்டாங்க. அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஐஸ் பெட்டி தலைமாட்டுல போட்டு உட்கார்ந்தான். மேல கண்ணாடி பனி பூத்திருந்துச்சு. அதைத் துண்டால தொடைச்சு அப்பா முகம் தெரியற மாதிரி பண்ணினான். நான் சமையல்கட்டு வாசப்படியில நின்னுகினு இருந்தேன். மன்னிப்பு கேப்பான், அழுவான்னு நினைச்சேன்.

அவன் பேச ஆரம்பிச்சான். மெதுவா, சாதாரணமா. பொண்ணுக்கு ஆவடியில காலேஜ் சீட்டு கிடைச்சிருக்குப்பா. தனக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க, இனிமே காலையிலதான். மாமனாருக்குக் கால் இப்ப கொஞ்சம் தேவலை, குச்சி வெச்சுகினு நடக்குறாரு. பட்டாபிராம்ல மழை, ஸ்டேஷன் வாசல்ல முழங்கால் தண்ணி. போன வாரம் வீட்டுல மீன் கொழம்பு, உனக்குப் பிடிச்ச வஞ்சிரம்தான். ஒவ்வொன்னும் சொல்லிட்டு, கொஞ்சம் நிறுத்தி, அப்பா முகத்தைப் பார்த்துட்டு, அடுத்ததைச் சொன்னான்.

நான் போய் அவன் பக்கத்துல தரையில உட்கார்ந்தேன். அவன் நிறுத்தலை. அப்பா பதில் பேசலை. அண்ணனுக்கு அது பழக்கம்தான்.