தட்டில் எடுத்த பெயர்

மின்விசிறியை இறக்கியபோது ஸ்டூலைத் தபீதாள் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே நின்றவன் அவளுடைய ஒரே மகன் சாந்தகுமார். திருப்பதி தொலைபேசி நிலையத்தில் ஜூனியர் இன்ஜினியர். கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாக நீட்டினான். அவள் வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"கன்டென்சர் போயிருக்கும்மா."

"போனா போவுது. நீ உயுந்துடாத."

புதியதை மாட்டினான். அவள் சுவிட்சைப் போட்டாள். றெக்கை சுற்றியது.

"ஆங், காத்து வருது. எறங்கு குமாரு, துன்னுட்டுப் போ."

சோறும் கீரையும் தின்றுவிட்டு மாலைப் பஸ்ஸில் திருப்பதிக்குத் திரும்பினான். 1986, ஜூலை, வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அவள் இல்லை. மார்வலி என்றார்கள்.

அடக்க ஆராதனைக்குச் சபைக் கோயில் கொள்ளவில்லை. கூட்டம் சாலைவரை நின்றது. மீசை முளைத்தவர்களும் கைக்குழந்தையோடு வந்த பெண்களுமாகப் பலர் அழுதார்கள். அவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் தபீதாள் பிடித்த தட்டில் பெயர் எடுத்தவர்கள்.

தபீதாள் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் முதியோர் இல்லத்து மேட்ரன். பட்டம்தான் மேட்ரன். சமையல், குளிப்பாட்டல், இரவில் எழுந்து தண்ணீர் கொடுப்பது, எல்லாம் அவளே. அதே காம்பவுண்டின் மறுபக்கம் பால்வாடி. நடுவில் ஒரு புளியமரம். பிள்ளைகள் அந்த மரத்தைத் தாண்டக் கூடாது. கிழவர்களின் இருமல் ஒட்டிக்கொள்ளும் என்று கமிட்டி சட்டம் போட்டிருந்தது. டாக்டர் வந்து, யாருக்கும் காசம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டம் மட்டும் போகவில்லை.

"நோய் வந்து சாவறவங்கள எனக்குத் தெரியும்" என்பாள் தபீதாள். "இங்க பேச ஆளு இல்லாம சாவறாங்க."

பிள்ளைகளை விடுங்கள் என்று கமிட்டி முன்னால் போய் நின்றாள். சோறு போடுவது உன் வேலை என்று அனுப்பிவிட்டார்கள். மறுவருஷமும் போனாள். அதே பதில்.

1972 ஜூலையில் வெளிநாட்டு மாணவர்கள் ஒரு மாதத் தொண்டுக்கு வந்து இறங்கினார்கள். டென்மார்க்கிலிருந்து இரண்டு பெண்கள், ஜப்பானிலிருந்து ஒருவன், மெட்ராஸ் கல்லூரியிலிருந்து இரண்டு பேர். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் மழையில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். டென்மார்க்குப் பெண் இங்கர் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிள்ளைகள் ஏன் இங்கே வருவதில்லை என்று கேட்டாள். அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த சாந்தகுமார்தான் மொழிபெயர்த்தான்.

இங்கர் நேரே கமிட்டி செகரட்டரி ஆர்தரிடம் போனாள். அவர் உயர்நிலைப் பள்ளி வாத்தியார். விருந்தாளியிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இவர்கள் இருக்கும் மாதம் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

"நான் கேட்டா சோத்த பாருன்றாங்க. அவ கேட்டா தலையாட்டறாங்க" என்றாள் தபீதாள். "ஆடட்டும். எந்தக் காத்துல ஆடினா என்ன?"

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று ஜோடி சேர்ப்பது ஏற்பாடு. வயது, விருப்பம் பார்த்துச் சேர்க்க இங்கர் தாளில் கட்டம் போட்டாள். தபீதாள் ஒரே பேச்சாகத் தட்டுதான் என்றாள். புத்தாண்டு ஆராதனையில் சபையார் பைபிள் வாக்குத்தத்த வசனம் எடுப்பார்களே, அந்தப் பித்தளைத் தட்டு. மடித்த சீட்டில் எது வருகிறதோ அது அந்த வருஷத்துக்குக் கடவுள் தந்தது. பிடிக்கவில்லை என்று யாரும் திருப்பிப் போட்டதில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் முன்னிலையில் தபீதாள் தட்டைப் பிடித்தாள். பெரியவர்கள் பெயர் எழுதிய சீட்டுகளைப் பிள்ளைகள் வரிசையாக எடுத்தார்கள். சாந்தகுமார் வாசித்தான். ஆர்தரின் மகள் ஜெயசீலியின் முறை வந்தது. எடுத்தாள். சாந்தகுமார் சீட்டைப் பிரித்து இரண்டு முறை பார்த்தான்.

"அசரியா."

இங்கர் மட்டும் கைதட்டினாள். அசரியா ஆர்தரின் தகப்பனார். தன் சொல்லை மீறி மகன் கல்யாணம் செய்த அன்று நாகலாபுரத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு சூளூர்பேட்டைக்குப் போனவர். பேச்சு அன்றோடு நின்றது. உடம்பு தளர்ந்து இல்லத்துக்கு வந்த பிறகும் மகன் மரத்தைத் தாண்டவில்லை. பேத்திக்கு அவரைத் தெரியாது.

"வேற ஒண்ணு எடும்மா" என்றார் ஆர்தர்.

ஜெயசீலி கையை நீட்டினாள். தபீதாள் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். செகரட்டரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தால் மற்ற வீட்டாரும் நடப்பார்கள். ஏற்பாடு அங்கேயே முடியும். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"எடுத்தத திருப்பிப் போடற வழக்கம் நம்ம சபையில எப்போலர்ந்து, செகரட்டரி ஐயா? இந்த வருஷம் வந்த வசனம் எனக்கும்தான் புடிக்கல. வச்சுக்கினுதான இருக்கறேன்?"

யாரோ சிரித்தார்கள். போதகர் தொண்டையைச் செருமினார். ஆர்தர் நின்ற இடத்திலேயே நின்றார். ஜெயசீலி சீட்டோடு புளியமரத்தைத் தாண்டி வராந்தாவுக்கு நடந்தாள்.

"தாத்தா, உங்க பேரு எனக்கு வந்துச்சு."

அசரியா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வந்தா வருது. நான் இருமுவேன், போ."

"எங்க நைனாவும்தான் இருமுறாரு."

கிழவர் திரும்பினார்.

"கஷாயம் குடிக்கறானா?"

"மாட்டாரு. துப்பிடுவாரு."

"அப்பவே அப்படித்தான். இப்படி ஒக்காரு."

ஆர்தர் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதுவே போதுமாக இருந்தது. பிள்ளைகள் மரத்தைத் தாண்டி ஓடினார்கள். அன்று மத்தியானம் வராந்தாவில் எழுந்த கூச்சலில் காது கேட்காத கிழவர் துலுக்காணம்கூட "யாருடா அது?" என்றாராம்.

தட்டைக் கழுவும்போது சாந்தகுமார் கேட்டான். "பதினெட்டு சீட்டு. அவளுக்கு அவரு வர்றது பதினெட்டுல ஒண்ணு. எப்படிம்மா?"

"நான் தட்டுதான புடிச்சேன்? எடுத்தது பொண்ணு" என்றாள் தபீதாள்.

ஆர்தர் மகளை அழைத்துப்போக முதலில் கேட்டுவரை வந்தார். அப்புறம் மரம்வரை. ஒரு மழைநாளில் ஒதுங்க வேறு இடமில்லாமல் வராந்தாவில் ஏறினார். அசரியா நகர்ந்து இடம் விட்டார்.

மாணவர்கள் பாகாலா வழியாகத் திருப்பதி போகும் ரயிலைப் பிடித்த அன்று ஊரே ஸ்டேஷனில். ஆர்தர் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார். முன்கம்பியில் ஜெயசீலி, பின்னால் கேரியரில் அசரியா. "மெல்லப் போடா, ஓட்டத் தெரிலனா எறங்கு" என்று கிழவர் வழியெல்லாம் அதட்டினார். ஜன்னலில் தலை நீட்டிய இங்கர் அழுதாள். தபீதாள் அழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போரில் ஜெயித்தவள்போல் பிளாட்பாரத்தில் நின்றாள்.

ஒரு மாதம் மட்டும் என்ற நிபந்தனையை யாரும் திரும்ப எடுக்கவில்லை. எடுத்திருந்தால் முதலில் சண்டைக்கு வந்திருப்பார் ஆர்தர். ஒவ்வொரு ஜூலையும் மாணவர்கள் வந்தார்கள், ஏதேதோ நாடுகளிலிருந்து. தட்டைப் பிடித்தவள் தபீதாள் ஒருத்திதான்.

இந்த ஜூலையும் பிடித்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாந்தகுமார் இல்லத்துக்குப் போனான். வராந்தாப் படியில் பால்வாடிச் சிறுமி ஒருத்தி, சுந்தரி, தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்துக் கட்டில் காலி.

"எனக்கு வந்த பாட்டி எப்ப வருவாங்க?"

சமையல் செய்யும் கமலம்மா சொன்னாள். பாலசமுத்திரத்தில் வெங்கடம்மா என்று ஒருத்தி, கால் விழுந்து தனியாகக் கிடக்கிறாளாம். ஆள் வருமுன்பே அவள் பெயரையும் தபீதாள் தட்டில் போட்டுவிட்டாள்; சுந்தரி எடுத்தது அதைத்தான். "பேரு போட்டாச்சு, இனி ஆளு வந்துதான் ஆவணும்" என்று சொன்னாளாம். புதன்கிழமை போய்க் கூட்டிவருவதாக இருந்தாள்.

அன்று புதன்கிழமை.

பாலசமுத்திரத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கமலம்மாவிடம் கேட்டான். நடக்க முடியாதவளை எப்படி ஏற்றி இறக்குவது என்று அம்மா என்ன யோசித்து வைத்திருந்தாளோ, அது யாருக்கும் தெரியவில்லை.