பட்டியலில் தாண்டிப்போன மூன்று பேர்

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு கல்லூரியில் பெருக்கும் வேலை எனக்கு. என் மூன்றாவது மகளுக்கு அங்கேயே பரீட்சை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, தற்காலிகம். ஷெல் என்ற ஒன்றில் கட்டளைகளை எழுதி வைப்பாள். அது பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹால் டிக்கெட் அடித்துத் தரும். இது ஒழுங்காக நடந்தால் நிரந்தரம் ஆக்குவதாக அதிகாரி சொல்லியிருந்தார். பட்டியலைச் சரிபார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லியும் இருந்தாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது டிக்கெட்டுகளை அடித்தாள். மெஷினிலிருந்து நீளமாக வந்த காகிதத்தைச் சீட்டு சீட்டாகக் கிழித்துக் கட்டியது நான். பாதிக்கட்டுதான் இருந்தது. அதிகாரி சாப்பிடப் போயிருந்தார்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு இனிஷியல் கிடையாது, குடும்பப் பெயர்தான். இவள் அதைக் கவனிக்காமல், இனிஷியல் இல்லாத வரி தப்பான வரி என்று நினைத்து, அது வந்தால் ‘பிரேக்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். அப்படி ஒரு பிள்ளை வந்ததும் மெஷின் மொத்த வேலையையும் விட்டுவிட்டது.

“‘கன்டினியூ’ன்னு போட்டிருக்கணும்மா. அந்த ஆளை மட்டும் விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்” என்றாள்.

மாற்றி அடித்தாள். கட்டு கனமாக வந்தது. அவள் முகம் தெளிந்தது, எனக்குத் தெளியவில்லை.

“அப்ப நின்னுபோச்சு, கண்ணுல பட்டுச்சு. இப்பத் தாண்டிப் போயிருச்சே, விட்டுப்போன பிள்ளைங்களை யாரு தேடுவா?”

தேடிப் பார்த்ததில் மூன்று பேர். இனிஷியல் இல்லாத டிக்கெட்டை மெஷினில் அடிக்கக் கூடாதாம், அதிகாரிதான் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவரிடம் கேட்டால், இவள் பட்டியலைச் சரிபார்க்காதது தெரிந்துவிடும்.

“சொன்னா வேலை போயிரும்மா.”

“போனாப் போவுது. நான் விளக்குமாறு புடிச்சுத்தான் உங்களையெல்லாம் வளத்தேன். அந்த மூணு பேரையும் எழுதிக் கொண்டுபோய்க் குடு.”

கொடுத்தாள். அவர் திட்டவில்லை. மூன்று பேரும் பரீட்சை எழுதினார்கள். மாசக் கடைசியில் அவளுக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் வரவில்லை. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். நான் தினமும் அதைத் துடைத்தேன்.

நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அவள் என்னோடு பேசாமல் சாப்பிட்டு எழுந்த நாட்களை மறக்கவும் இல்லை.

அவள் மகள் இப்போது பக்கத்தில் இருக்கிறாள். பாப்பா, இதைச் சத்தமாகப் படி. உங்கம்மா பக்கத்து நியாயத்தை நான் விட்டிருந்தால் சொல்லு.