யேசுதாஸுக்குச் சத்தம் கேட்க வேண்டும்

ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு யேசுதாஸால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியாது. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூட மூன்று தடவை எழுந்து போய்ப் பீடி பிடித்துவிட்டு வருவார். வேலை ஹார்பரில். கப்பலின் அடியறையில் மூட்டை கட்டுகிறவர்கள் மேலே பாரம் தூக்கும் வின்ச்சு எந்திரத்தை ஓட்டுகிறவரின் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். நடுவில் நின்று கையால் சைகை காட்டுகிறவர் இவர். வின்ச்சு இரைச்சல் நின்றால் வேலை நின்றுவிட்டது என்று அவருக்கு அர்த்தம்.

அந்தச் சட்டத்தையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். அறுபத்தெட்டில் மகள் ஞானம் எஸ்.எஸ்.எல்.சி. இவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது.

"இன்னா ஞானம், சத்தமே காணோம்? தூங்கிகினு கீறியா?"

நொடிக்கொரு தரம் இதே கத்தல். அவளும் தொண்டை வற்ற வாசிப்பாள். அசோகர் மரம் நட்ட பாடம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரையாண்டில் கணக்கு பதினெட்டு. ஜனவரிப் பரீட்சையிலும் தேறாவிட்டால் பெரிய பரீட்சைக்கு அனுப்பமாட்டோம் என்று பள்ளிக்கூடத்து சிஸ்டர் சொல்லிவிட்டார். யேசுதாஸ் ஆடிப்போனார்.

"தெனம் ரெண்டு மணி நேரம் கத்திகினு இருந்தியே!"

"கணக்க கத்திகினே போட முடியாது நைனா. வாய மூடுனா நீ வந்து நிக்கிற. அதான் தெரிஞ்ச பாடத்தையே படிச்சிகினு கீறேன்."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அவள் கணக்கு நோட்டை விரித்தாள். வீட்டில் மூச்சுச் சத்தம் இல்லை. யேசுதாஸ் வாசற்படியில் உட்கார்ந்தார். கால் ஆடியது. எழுந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி உட்கார்ந்தார். தாங்கவில்லை. உள்ளே போய், "ஞானம்..." என்று ஆரம்பித்தார்.

அவள் நிமிரவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் விரித்து உயர்த்தினாள். வின்ச்சை அப்படியே நிறுத்து என்று அவர் தினமும் காட்டுகிற சைகை. சின்ன வயதில் விளையாட்டாக அவரே கற்றுக்கொடுத்தது. அந்தக் கை உயர்ந்தால் கப்பலில் மேஸ்திரிகூட வாய் திறக்கமாட்டார். யேசுதாஸ் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மெதுவாக வாசலுக்குத் திரும்பி வந்து, ஆடுகிற முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஜனவரி வரை தினமும் அப்படித்தான்.

ஜனவரிப் பரீட்சைக் கணக்கு மார்க்கு வந்த அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அம்பத்தொண்ணு, அக்கா," என்றார். அதற்குமேல் சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.