பிறர் முறையில் வலை

ஒரு முதிய மீனவரின் முறையைப் பறித்து, திடீரென்று வந்த அதிகாரி ஒருவருக்குக் கொடுத்தவன் நான். பழவேற்காட்டில் ஓய்வுபெற்றவர்களுக்காக நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்தில் மாதம் ஒருவராக முறை வைத்துப் பேசுவோம். ஏரியின் முகத்துவாரம் மண்மூடி, இறால் வராமல் போவதைப் பற்றிப் பேச அன்று அந்த மீனவர் வந்திருந்தார். எப்போதும்போல் செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்.

"இன்னா சார், ஏரில ஒருத்தன் மொறைல இன்னொருத்தன் வல போட்டா ஊரே கூடிக் கேக்கும். இங்க கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?" என்று கத்திவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் என் முறை. மன்னிப்புக் கேட்டு, அதை அவருக்குத் தந்தேன்.

செருப்போடு உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். "உன் மொறைல நான் வல போட மாட்டேன். மொகத்துவாரத்தப் பத்தி நீயே பேசு சார்."

எழுந்து நின்றேன். முப்பது வருடம் இந்த ஊரில் பாடம் நடத்தியவனுக்குச் சொல்ல ஒரு வரிகூட இல்லை.