ஸ்டெல்லா அக்கா கேட்ட செவ்வாய்க் காற்று

லாட்ஜில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் அண்ணன் அறை வாசலில் வந்து நின்றார். "துணிய வெச்சுட்டு வா சாமி. நம்ம ஸ்டெல்லா போயிருச்சு" என்றார். விடிகாலையில் அக்காவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. மலைமேல் அவர் ஊரான கொட்டச்சேட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அடிவாரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையிலிருந்த உறையை மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன்.

அக்காவை, இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியும். சர்ச்சிலும் கடைவீதியிலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும். லாட்ஜ் வேலைக்கு வந்து பல வருஷம் கழித்து, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குக் காது கேட்காமல் போனது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். நான் எட்டாவதோடு நின்று லாட்ஜ் வேலைக்கு வந்தவள், அதிகம் பேசமாட்டேன். எங்களை ஜோடி சேர்த்துவிட்டார்கள். அவர் கதவைத் தட்டி "க்ளீனிங்ங்க!" என்று கூவுவார். உள்ளேயிருந்து பதில் வந்தால் நான் அவர் முழங்கையைத் தொடுவேன். "வாயத் தொறந்து பேசு கண்ணு, ஈயா பூந்துரும்?" என்று தினமும் திட்டு விழும்.

புதிய சத்தம் எதுவானாலும் அது எப்படி என்று அக்கா என்னிடம் கேட்டு வைத்துக்கொள்வார். "எனக்குத் தெரிஞ்ச சத்தத்துல ஒண்ணச் சொல்லு, நான் நெனச்சுக்கறேன்" என்பார். புது ஃபாதரின் குரல் எப்படி என்றார் ஒருமுறை. "கிரைண்டர்ல மாவு ஆட்டற மாதிரிங்க்கா" என்றேன். அடுத்த ஞாயிறு பூசை முழுவதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஃபாதர் மன்னிக்க வேண்டும்.

ஒருநாள் மாடி அறையில் விருந்தாளிகள் டிவியை அணைக்காமல் காலி செய்திருந்தார்கள். செவ்வாய் கிரகத்துத் தரையிலிருந்து ஓர் எந்திர வண்டி அனுப்பிய படங்கள் ஓடின. சிவந்த மண், கற்கள், வண்டி தன்னையே எடுத்துக்கொண்ட படம். "ஆளே இல்லாத ஊர்ல செல்ஃபி பாரு! லேடீஸ் சீட்டுக்கு வேடிக்கை பாக்க வர்ற கூட்டமாட்டவே இருக்குது" என்று சிரித்தார். பிறகு அங்கே பதிவான காற்றின் சத்தம் என்று எழுத்து வந்தது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என் உதட்டைப் பார்த்தார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சத்தத்தை முழுதாகக் கூட்டி, அவர் உள்ளங்கையை டிவியின்மேல் வைத்தேன். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தாடி, நொம்ப ஜோரா அடிக்குது கண்ணு!" என்றார். கண்ணைத் திறந்தால் திரையில் பட்டுச்சேலை. "செவ்வாய்லயும் ஆடித் தள்ளுபடியா?" என்று கட்டிலில் விழுந்து சிரித்தார். எழுந்ததும், "அது கெடக்கட்டும். நெசமா எப்படி இருந்துச்சு?" என்றார்.

"காத்துங்க்கா."

"எந்தக் காத்து? சவுக்குத் தோப்புல வருமே, அதா? வாய்க்கு வந்ததச் சொல்லாத. யோசிச்சுச் சொல்லு."

பிறகு பார்த்தபோதெல்லாம் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்று தலையை ஆட்டுவேன். போன ஞாயிறு ஏரிக்கரையில் உட்கார்ந்து, செல்போனில் அந்தப் பதிவைத் தேடிக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தெரிந்துவிட்டது. ஆட்கள் காலி செய்துபோன அறையில் கண்ணாடி ஜன்னலைச் சாத்தியதும், வெளியே அடங்கிக் கேட்குமே மலைக்காற்று, அதுதான். அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மறுநாள் காலையில் அக்கா வேலைக்கு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். காலையில் சூப்பர்வைசர் அண்ணன்தான் வந்தார்.

அக்கா வீட்டில் பெண்கள் என்னைச் சவப்பெட்டியருகே விட்டார்கள். அத்தனை பேர் முன்னால், உதடு நன்றாக அசையும்படி வாயைத் திறந்து, "ஜன்னலச் சாத்துன பொறவு கேக்குற காத்துங்க்கா" என்றேன். அவர் காது கேட்காதது எனக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. இப்போது என் உதட்டைப் பார்க்கும் அவர் கண்கள் மூடியிருந்தன.

அக்காவுடையதாக என்னிடம் இருப்பது அவர் கேட்ட கேள்வியும், அதற்கு நான் தேடிய பதிலும்தான். இப்போது ஒவ்வோர் அறையிலும் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சற்று நின்று காற்றைக் கேட்கிறேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.