பிரேக் கத்திய சீசன்

அந்தச் சத்தம் முதலில் பல்லில் கூசும், பிறகுதான் காதில் விழும். அப்பாவின் கார் தெருமுனையில் திரும்பிச் சிலுவை நிற்கும் குருசடிக்கு எதிரே வேகம் குறைகையில், தகரத்தைக் கல்லில் வைத்து இழுத்ததுபோல் முன்சக்கரத்திலிருந்து 'கிரீ' என்று நீளமாக ஒன்று எழும். அம்மா உடனே எழுந்து மீன்குழம்பைச் சூடாக்க அடுப்பில் ஏற்றுவாள். "ஏட்டி, தட்ட எடுத்து வை. வண்டி கத்தியாச்சு" என்பாள். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். சுனாமி வந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கன்னியாகுமரியில் டாக்சிக்காரர்கள் 'சீசன்' என்று சொல்லும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், மாலைபோட்ட ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் காலம் அது.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. கடற்கரையில் பிறந்தும் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாதவர். வாலிபத்தில் பாறையடியில் சிப்பி எடுக்க முங்கி முங்கிக் காதைக் கெடுத்துக்கொண்டு, பிறகு கரையேறி ஓட்டுநரானவர். இடது காது மந்தம் என்பது தெருவுக்கே தெரியும். வலது காது நன்றாக இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். செல்போன் வாங்கியபோது அதைத் தான் வைத்துக்கொள்ளாமல் அம்மாவிடம் கொடுத்து, "வண்டி ஓட்டுறவனுக்குப் போன் எதுக்கு" என்று அவர் சொன்னதைக்கூட பொறுப்பான பேச்சு என்றே எடுத்துக்கொண்டோம்.

பிரேக் விஷயத்தில் அவரைப்போல் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருநாள் விடியற்காலை ஆந்திராவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று பைகளை எல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்க, பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தவர், அது 'பஞ்சு மாதிரி' உள்ளே போனதைக் கண்டதும் இறங்கிவிட்டார். மறுபடி மிதித்தபோது பெடல் கெட்டியாக நின்றது. என்றாலும் அவர்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நல்ல சவாரி போயிற்றே என்று அம்மா குறைப்பட்டபோது, "எண்ணெய்க் குழாய்க்குள்ள காத்து கேறியிருக்கு. ரெண்டாவது மிதிக்குத்தான் நிக்குது. குறுக்க ஒரு பிள்ள ஓடிவந்தா ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்குமா?" என்றார். இன்னொருமுறை எங்களைப் பேச்சிப்பாறை அணைக்கு அழைத்துப்போய் மலையிறங்கி வருகையில், காலுக்கடியில் பெடல் துடிக்கிறது, சக்கரத்துத் தட்டு கோணியிருக்கிறது என்று சொல்லி, எங்களுக்கு ஓர் அதிர்வும் தெரியாத வண்டியை நேரே கோட்டாற்றில் சாகுல் மாமாவின் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

அப்படிப்பட்டவர், வண்டி வாரக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தும் அதைத் தொடவில்லை. அம்மாவுக்கு அது விளங்கவேயில்லை.

"இஞ்ச பாருங்க, பிரேக்கு அந்தக் கத்து கத்துதே, பட்டறையில காட்டப்பிடாதா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "உப்புக்காத்து ஈரம். தட்டுல துரு பிடிக்கும். ரெண்டு மிதி மிதிச்சா போயிரும்" என்றார்.

"காலைல கத்துனா ஈரம். பகல் முழுக்க ஓட்டிட்டு வந்த பிறகும் கத்துனா?"

அவர் குனிந்தபடியே அடுத்த கவளத்தை உருட்டினார். அம்மா பேசியது முழுதாக விழாததால்தான் என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. பிடிவாதம் என்றுதான் நினைத்தோம்.

அந்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் அப்பா என்னைத் தெருவில் நிற்கச் சொன்னார். வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி, என் பக்கத்தில் வரும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தார். சக்கரம் கத்தியது. எதிர்வீட்டுச் சிறுவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்பொழுது சுளிக்கிறது என்று பார்த்துவிட்டு, "இப்பமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மறுபடி மிதித்து, மறுபடி என்னைப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த அம்மா கையிலிருந்த ஈரத்துணியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். சாகுல் மாமா சக்கரத்தைக் கழற்றித் தேய்ந்துபோன பிரேக் கட்டையை எடுத்துக் காட்டினார். அதன் ஓரத்தில் விரல்நகம்போல் ஒரு சின்னத் தகடு இருந்தது. "கட்ட தேஞ்சா இந்தத் தகடு தட்டுல உரசிச் சத்தம் போடும் மக்கா. ஓட்டுறவனுக்குக் கேக்கணும்னே வச்சிருக்கு" என்று என்னிடம் சொன்னவர், அப்பாவின் பக்கம் திரும்பி, "அண்ணே, இது ரொம்ப நாளா கத்தியிருக்குமே" என்றார்.

"கத்திச்சு" என்றார் அப்பா.

திரும்பி வருகையில் வண்டியை ஓரமாக நிறுத்தி என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எப்பம் இருந்து கேட்டுது மக்கா?" என்றார்.

"சீசன் தொடங்குனதுல இருந்து, அப்பா."

பக்கத்தில் இருந்து முகம் பார்த்துப் பேசினால் அவருக்கு விழும்; கூர்மையான சத்தங்கள்தான் விழாமல் போயிருந்தன. காலுக்குத் தெரிவது எல்லாம் அவருக்குத் தெரிந்தது. காதுக்கு மட்டுமே வரும் செய்தி ஒன்று இருக்கிறது என்பதுதான் அன்று அவரைக் கலங்கடித்திருக்க வேண்டும். அதன்பிறகு சனிக்கிழமைகளில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டார்.

சீசன் முடியும் தறுவாயில், நாகர்கோவில் ரயில் நிலையத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். சுசீந்திரம் நெருங்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று சங்கூதிக்கொண்டு வந்தது. அப்பாவின் கண் எதிரே வந்த லாரியில் இருந்தது. அவ்வளவு பெரிய சத்தம் அவருக்குக் கேட்காதிருக்காது என்று நான் சும்மா இருந்தேன். அவர் நடுச்சாலையிலேயே போய்க்கொண்டிருந்தார். சத்தம் எங்கள் முதுகில் ஏறியது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்துப் பதறி, வண்டியை ஓரத்து மண்ணில் இறக்கினார். கடந்துபோன ஆம்புலன்ஸின் முன்சீட்டில் இருந்த ஒருவர் தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்து ஏதோ சொல்லி அழுதார்.

அப்பா என்ஜினை அணைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"வாய் அசஞ்சுதே, மக்கா."

"ஒண்ணும் சொல்லல்லப்பா."

சாலையோரத்துத் தாமரைக்குளத்தில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஊர்வரைக்கும் ஓரமாகவே, சைக்கிள்கள் எல்லாம் எங்களை முந்திப்போகும் வேகத்தில் ஓட்டிவந்தார். வீட்டில் சாவியை அம்மாவின் கையில் வைத்து, "அந்த வண்டிக்குள்ள யாரு கெடந்தாங்களோ. இனி என்னால ஆவாது" என்றார். அம்மா சாவியைச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டாள். அஞ்சுகிராமத்துக்காரர் ஒருவர் வந்து காரை விலைக்கு வாங்கி ஓட்டிப்போனபோது அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார். அடுத்த சீசனில் ஒரு லாட்ஜின் முற்றத்தில், வரும் வண்டிகளுக்குக் கைகாட்டி நிறுத்த இடம் பிடித்துத்தரும் வேலைக்குப் போனார்.

வலது காதும் சிறிது சிறிதாக அடைத்துப்போயிற்று. அம்மாவின் உதட்டசைவை மட்டும் அவரால் படிக்க முடிந்தது. அவளும் அவருக்கென்று ஒவ்வொரு சொல்லையும் விரித்துப் பேசக் கற்றுக்கொண்டாள். சத்தமே இல்லாமல் அவர்கள் இருவரும் சண்டைகூடப் போடுவார்கள். பின்னாளில் நான் வேலைக்குப் போய் வாங்கித்தந்த காதுக்கருவியைக் கோயிலுக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். "சத்தம்தான் கேக்குது, பேச்சு கேக்கல்ல" என்பார்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த உதடுகளோடு அவர்களுடைய பேச்சும் போயிற்று. வெளியூரில் வேலைபார்க்கும் எனக்கு அம்மாவைப்போல் சொல்லை விரித்துப் பேசக் கைவரவில்லை. விடுமுறைக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "வந்தியா மக்கா" என்று தெருவே கேட்கும்படி கேட்கிறார். நான் பயணத்தைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, மெதுவாக, வாயைத் திறந்து திறந்து சொல்கிறேன். கடைசிவரை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டுகிறார். ஒரு சொல்லும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தெரிகிறது.