எங்க மில்லில் ஒரு சூத்திரதாரி

சமஸ்கிருத நாடகத்துல நான் ஒரு தடவை ஃபெயில். இப்ப சொன்னா எல்லாரும் சிரிக்காங்க. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரலை.

தொண்ணூறுகள்ல ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லில் வேலை பாத்துக்கிட்டே தபால்ல பி.ஏ. வரலாறு படிச்சேன். பஞ்சுத் தூசி எனக்கு ஆகாது, இழுப்பு வந்துரும். டிகிரி கிடைச்சா மில் ஆபீஸ்லயே கிளார்க் வேலை, தூசிக்கு ஒரு கும்பிடு. மத்த பேப்பரெல்லாம் தாண்டியாச்சு. சமஸ்கிருத நாடகத்தின் தோற்றமும் வளர்ச்சியும்தான் காலை வாரிருச்சு. சூத்திரதாரி யாருன்னு கேட்டிருந்தாங்க. தினம் பேப்பர்ல 'கொள்ளைக்குச் சூத்திரதாரி கைது'ன்னு படிக்கிறவ நான். கதையில சதி பண்ற வில்லன்னு ரெண்டு பக்கம் வெளுத்து வாங்கிட்டேன். அட என் அறிவே!

அடுத்த தடவைதான் கடைசின்னு அப்பா கறாராச் சொல்லிட்டார்.

பக்கத்து மெஷின்ல நின்னவ வத்திராயிருப்புக்காரி, என் வயசுதான். எட்டாவதோட படிப்பை நிறுத்துனவ. சாப்பாட்டு நேரத்துல என்னை ஒப்பிக்கச் சொல்லிக் கேப்பா. நாலு வேதத்துலயும் ஒவ்வொண்ணு எடுத்துப் பிரம்மா நாடகத்தை உண்டாக்குனாராம், பேச்சு, பாட்டு, அபிநயம், ரசம்னு சொன்னேன். "ரசமா? அப்ப சோறு எந்த வேதத்துலட்டி?"ன்னா.

சூத்திரம்னா நூல், தாரின்னா பிடிக்கிறவன். பொம்மலாட்டத்துல கயிறு பிடிச்சவன்தான் பொறவு நாடகத்தை நடத்துறவனா ஆனான்னு சில பேர் சொல்லுதாங்கன்னேன்.

"நூல் பிடிக்கிறவனா? ஏட்டி, அப்ப அவன் நம்ம சைடர்லா!"

ஓடுற மெஷின்ல அறுந்த நூலைப் பிடிச்சு ஒட்டுற ஆளுக்குத்தான் சைடர்னு பேரு. நாங்க ரெண்டு பேரும் அதுதான். பொறவு அந்த வார்த்தை மறக்குமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பரீட்சை. லீவு கிடையாதுன்னுட்டாங்க. "நீ போயிட்டு வாட்டி, ஒன் மெஷினையும் சேத்து நான் பாத்துக்கிடுதேன்"ன்னா அவ. ரெண்டு மெஷினுக்கும் நடுவுல ஓடுறது லேசுப்பட்ட வேலை இல்ல.

மறுபடியும் அதே சூத்திரதாரி கேள்வி! நூல் பிடிக்கிறவன், முதல்ல மேடைக்கு வாரவன் அவன், வரப்போறவங்களைச் சொல்லி அனுப்பிட்டு உள்ள போயிருவான், அதுக்கப்புறம் கதையில அவனுக்கு வேலை இல்லைன்னு எழுதுனேன். எழுதும்போதே, என்னை அனுப்பிட்டு மில்லுல நிக்கிற அவ ஞாபகம் வந்து கண்ணு கலங்கிருச்சு.

பாஸ். நேரா அவகிட்ட ஓடுனேன். பொறவு ஆபீஸ் வேலையும் கிடைச்சுது; இன்னைக்கு நான் ஒழுங்கா மூச்சு விடுதேன்னா அது அவ தந்தது.

"நம்மளைப் பத்தி எழுதுனியா?"ன்னு கேட்டா.

"எழுதுனேன்."

"எம்பேரைப் போட்டியா?"

"பரீட்சையில அதெல்லாம் போட முடியாதுட்டி."

"போட்டிருந்தா நானும் பாஸாயிருப்பேம்லா!"ன்னு சிரிச்சா. அதுக்குள்ள எங்கேயோ நூல் அறுந்திருச்சு, ஒட்டப் போயிட்டா.